தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டுமா?



மைதானத்தில் கால் வைத்த எல்லோருக்கும் இரண்டு அறிவுரைகள் கிடைத்திருக்கும். முதலாவது: "ஆடும்போது தண்ணி குடிக்காதே, வயிறு பிடிச்சுக்கும்." இது பழைய பி.டி. மாஸ்டர் அறிவுரை. இரண்டாவது: "தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி." இது டிவி விளம்பர அறிவுரை. ஒன்றுக்கொன்று நேர் எதிர். வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே தப்பு. முதல் அறிவுரையைக் கேட்டு மயங்கி விழுந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டாவது அறிவுரையைக் கேட்டு உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான். விளையாடும்போது எவ்வளவு குடிக்க வேண்டும், எவ்வளவு உப்பு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை. ஒரு எடை மெஷின், ஒரு குடம் தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நாலு எலுமிச்சம்பழம் இருந்தால் போதும். நம்மிடம் இல்லாதது அறிவியல் இல்லை, அனுமதி. அதைத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

சேப்பாக்கம், 1986

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து ஆரம்பிப்போம். 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், டையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. அந்த மேட்சில் டீன் ஜோன்ஸ் அடித்த 210 ரன்னைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆடினார். நடுநடுவே மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். 170 ரன்னில் இருக்கும்போது இனி முடியாது, வெளியே போகிறேன் என்று சொன்னாராம். எதிர்முனையில் இருந்த கேப்டன் ஆலன் பார்டர், சரி போ, கஷ்டம் தாங்குகிற ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக் கொள்கிறேன் என்கிற மாதிரி சீண்டிவிட்டார். விக்டோரியாக்காரரான ஜோன்ஸ் ரோஷத்தோடு தொடர்ந்து ஆடினார். அவுட் ஆன பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை எல்லோரும் வீரக் கதையாகத்தான் சொல்கிறார்கள். 210 ரன் வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் செப்டம்பர் என்றால் குளிர் விட்டு இப்போதுதான் வசந்தம் ஆரம்பிக்கிற நேரம். அங்கிருந்து சென்னைப் புழுக்கத்துக்கு வந்த ஒரு உடம்பு. வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினாலு நாள் ஆகும். பழகின உடம்பு சீக்கிரமே வியர்க்க ஆரம்பிக்கும், அதே சமயம் வியர்வையில் உப்பைக் குறைவாக விடும். பழகாத உடம்பு உப்பை அள்ளிக் கொட்டிவிடும். ஜோன்ஸ் அன்று அனுபவித்தது மன உறுதிக் குறைவு இல்லை, நீரும் உப்பும் தீர்ந்துபோன நிலை. அதற்கு மருந்து ரோஷம் இல்லை.

அவர் பிழைத்தார், அதனால் நாம் வீரக் கதை சொல்கிறோம். பிழைக்காமல் போயிருந்தால் இதே கதையை வேறு மாதிரி சொல்லியிருப்போம்.

வியர்வையில் என்னதான் போகிறது?

கொஞ்சம் அறிவியல். (ஓடிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்து விடுகிறேன் :-) )

நாம் ஓடும்போது தசைகள் செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு உள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியானால்தான் இந்தக் கணக்கு. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். உடம்பு குளிராது, எனவே இன்னும் வியர்க்கும். நீர் நஷ்டம் இரட்டிப்பு, லாபம் பாதி.

கடினமாக விளையாடுகிற ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். ஒரு லிட்டர் வியர்வையில் உள்ள சோடியமும் அப்படித்தான், அரை கிராமிலிருந்து இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு வரை. சராசரியாக ஒரு கிராம் என்று வைத்துக் கொள்ளுங்கள். சமையல் உப்புக் கணக்கில் அது இரண்டரை கிராம். இரண்டு மணி நேரக் கபடிப் பயிற்சியில் இரண்டு லிட்டர் வியர்த்தால் ஐந்து கிராம் உப்பு காலி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு இதற்கு மேல் உப்பு சாப்பிடாதீர்கள் என்று சொல்கிற அளவே ஐந்து கிராம்தான்!

பயிற்சி முடிந்து சட்டை காய்ந்ததும் அதில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதா? உங்களுக்கு வியர்வையில் உப்பு அதிகம் போகிறது என்று அர்த்தம். இதற்கு லேபரட்டரி வேண்டாம்.

வியர்வையில் பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாமும் போகும். ஆனால் சோடியத்தோடு ஒப்பிட்டால் அது ரொம்பக் கொஞ்சம். எனவே "எலக்ட்ரோலைட்" என்று யாராவது பெரிய வார்த்தை சொன்னால், மைதானத்தைப் பொறுத்தவரை அது முக்கால்வாசி நம் வீட்டு உப்பு டப்பாவில் இருப்பதுதான்.

வெறும் தண்ணீர் போதாதா?

அரை மணி, முக்கால் மணி நேர ஆட்டத்துக்குத் தாராளமாகப் போதும். உப்பு நம் சாப்பாட்டிலேயே வந்துவிடும். நம் ஊர் சாம்பார், ஊறுகாய், அப்பளத்தில் உப்புக்குப் பஞ்சமா என்ன?

ஆனால் ஒரு மணி நேரத்தைத் தாண்டி, வெயிலில், சட்டை பிழிய வியர்க்க ஆடினால் வெறும் தண்ணீருக்கு ஒரு குறை உண்டு. உப்பில்லாத தண்ணீர் நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி குறையும். உடனே மூளை "தண்ணீர் அதிகமாகிவிட்டது போல" என்று நினைத்துக்கொண்டு தாகத்தை நிறுத்திவிடும், சிறுநீரகத்திடமும் வெளியே விடு என்று சொல்லிவிடும். ஆக, உடம்புக்கு வேண்டியது நிரம்புவதற்கு முன்பே குடித்ததில் ஒரு பங்கு வெளியேறிவிடும். தண்ணீரோடு கொஞ்சம் உப்பு இருந்தால் அது தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும். கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் ஒரே வாசல் வழியாக உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

இந்த ஜோடிக் கதையைத்தான் 1960-ல் ராபர்ட் கிரேன் என்கிற விஞ்ஞானி சொன்னார். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்து போயின. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து பொட்டலம் போட்டுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் கதை இது. அவர் 2022-ல் காலமானார், அடுத்த வருடம்தான் பத்ம விபூஷண் வந்தது.

பாட்டிலுக்குள் போன உப்பு

இதே நேரத்தில் அமெரிக்காவில் இன்னொரு கதை. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் (அவர்கள் ஊர் கால்பந்து, ஹெல்மெட் போட்டு ஆடுவது) உதவிப் பயிற்சியாளர் ஒருவர், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பையன்கள் ஆட்டத்தின்போது சிறுநீரே கழிப்பதில்லையே, ஏன்? எல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது என்பதுதான் பதில். கேடும் அவர் குழுவும் தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. கேடின் மனைவி, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பாருங்கள் என்றார். அணியின் பெயர் கேட்டர்ஸ், பானத்தின் பெயர் கேட்டரேட். இன்று அது உலக வியாபாரம்.

கதையை ஊன்றிப் படியுங்கள். தண்ணீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சை. நம் பாட்டி பங்குனி வெயிலில் திண்ணையில் உட்காரவைத்துக் கலந்து கொடுத்ததும் அதேதான். பாட்டிக்கு யாரும் ராயல்டி தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். :-)

விளையாட்டு பானங்கள் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் ஓடுகிறவனுக்கு அதில் உள்ள சர்க்கரை சக்தியும் தரும். என் ஆட்சேபம் இரண்டு. ஒன்று, அரை மணி நேரம் வாக்கிங் போய்விட்டு அரை லிட்டர் பாட்டிலைக் காலி செய்வது. சாதாரணமாக இந்தப் பானங்களில் லிட்டருக்கு அறுபது கிராம் சர்க்கரை இருக்கும். அரை லிட்டரில் முப்பது கிராம். நடந்து கரைத்ததை உட்கார்ந்து குடித்து மீட்டுவிட்டோம். இரண்டாவது, பெயரில் நடக்கிற ஏமாற்று. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய சூத்திரப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். ஆனால் பல வருடங்களாக நம் மருந்துக் கடைகளிலேயே, இதைவிடப் பல மடங்கு சர்க்கரை போட்ட இனிப்பு பானங்கள் "ஓ.ஆர்.எஸ்." என்கிற மூன்று எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு விற்பனையாயின. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரு டாக்டர் தனியாக நின்று கேட்டதால் நடந்தது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அதிகம் குடித்தால் என்ன ஆகும்?

இதைத்தான் ஆரம்பத்தில் பின்னால் சொல்கிறேன் என்றேன்.

2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்து போனார். நீர் வற்றியதால் இல்லை. அளவுக்கு மீறிக் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் சரிந்து மூளை வீங்கியதால். அதே ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அவர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பு அளவை விடக் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவு. யாருக்கெல்லாம் குறைந்தது? முக்கியமாக, ஓடி முடித்தபோது எடை *கூடி* இருந்தவர்களுக்கு. 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு எடை கூடுகிறது என்றால் எவ்வளவு குடித்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்! நாலு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வேகமாக ஓடுகிறவர்களுக்கு நின்று குடிக்க நேரமே கிடைப்பதில்லை.

ஒரு விஷயம், இதற்கு விளையாட்டு பானமும் காப்பு இல்லை. அதில் உள்ள உப்பு வியர்வையில் உள்ளதைவிடக் குறைவு. அதையும் அளவுக்கு மேல் குடித்தால் இதே கதிதான்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வீரர்களுக்கு வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்தார்கள். குடிக்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்க அமைப்பாளருக்கு ஆசை. 32 பேர் ஆரம்பித்து 14 பேர்தான் முடித்தார்கள். நூறு வருட இடைவெளியில் மனிதர்கள் இரண்டு ஓரத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள். நாம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, எவ்வளவு குடிப்பது?

எளிய வழி: தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் இல்லாவிட்டால் வலுக்கட்டாயமாக ஊற்றிக் கொள்ளாதீர்கள். சாதாரண ஆட்டத்துக்கு இது போதும்.

தினமும் கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னும் துல்லியமான வழி எடை மெஷின். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வைச் சட்டையைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. நடுவில் குடித்ததையும் கூட்டிக் கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரிந்துவிடும். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக் கொண்டால் நல்லது, அதாவது 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ. அதே சமயம் எடை கூடவே கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் என்று சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மெதுவாகக் குடிக்கலாம்.

பானம்? ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, எட்டு டீஸ்பூன் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். கடைப் பானத்துக்கு இது குறைந்தது இல்லை. ஒரு லிட்டருக்கு ஆகிற செலவைக் கடைப் பாட்டிலின் விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டும் சுத்தமானதாக இருக்க வேண்டும்.

நம் ஊர் பானங்களில் உப்பு போட்ட நீர்மோர் ரொம்ப நல்லது. பழைய சோற்று நீராகாரத்தில் தண்ணீர், உப்பு, கரைந்த மாவுச்சத்து மூன்றும் இருக்கின்றன. (அரிசியை வைத்தே ஓ.ஆர்.எஸ். செய்து வங்கதேசத்தில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.) இளநீரில்தான் ஒரு சின்னத் திருத்தம். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது அதற்குத் தலைகீழ். எனவே இளநீரோடு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கொள்ளுங்கள். அல்லது பக்கத்தில் உப்புக் கடலை. :-)

இரண்டு எச்சரிக்கைகள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டாம். இன்னொன்று, தசைப்பிடிப்பு வந்தாலே உப்புக் குறைவு என்று முடிவு கட்ட வேண்டாம். களைத்துப்போன தசையின் நரம்புக் கோளாறாகவும் பல சமயம் இருக்கும். அந்தத் தசையை மெதுவாக நீட்டிப் பிடித்தால் விட்டுவிடும். ஆனால் வெயிலில் ஆடுகிறவன் உளற ஆரம்பித்தாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வேறு. அவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுங்கள், விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது.

உண்மையான பிரச்சினை

இதுவரை சொன்னதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பிறகு ஏன் நம் மைதானங்களில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள்? மூன்று காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, தண்ணீர் இங்கே பரிசு. "நாலு ரவுண்டு முடிச்சவங்க போய்க் குடிக்கலாம்." அதாவது கடைசியாக வருகிறவன், யாருக்கு அதிகமாகத் தேவையோ அவன், கடைசியில் குடிப்பான். தண்டனை என்றால் முதலில் பறிபோவதும் தண்ணீர்தான். 2019-ல் கேரளப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் "வாட்டர் பெல்" பிரபலமானது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. நல்ல விஷயம். ஆனால் அந்த மணி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அடிக்கிறது. மைதானத்தில் இருக்கிறவனுக்குக் கேட்பதில்லை.

இரண்டு, எடைப் பிரிவு. ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நோட்டீஸில் இத்தனை கிலோ பிரிவு என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எடைக்குள் வருவதற்காக முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடுகிற பையன்கள் இருக்கிறார்கள். நீர் வற்றிய உடம்போடு எடை கொடுத்துவிட்டு அதே நாளில் இறங்கி ஆடுவார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 100 கிராம் எடை கூடியதால் தகுதி இழந்தபோது நாடே அழுதது. முந்தைய இரவு முழுக்க எடை குறைக்கப் போராடிய உடம்புக்கு அன்று நீர் வற்றியதற்கான சிகிச்சை தர வேண்டியிருந்ததை எத்தனை பேர் கவனித்தோம்? 1997-ல் அமெரிக்காவில் இப்படி எடை குறைக்கப் போய் ஒன்றரை மாதத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே ரப்பர் சூட்டையும் நீராவி அறையையும் தடை செய்தார்கள். ஒரு விதி மாற மூன்று உயிர் வேண்டியிருந்தது. நமக்கு எத்தனை வேண்டும்?

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. எங்கள் வகுப்பில் கோ-கோ ஆடுகிற தோழி ஒருத்தி இருக்கிறாள். வெளியூர்ப் போட்டி என்றால் காலையில் வீட்டில் அரை டம்ளர் குடிப்பாளாம், திரும்பி வருகிற வரைக்கும் பாட்டிலைத் தொட மாட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "கிரவுண்ட்ல பாத்ரூம் எங்கடா இருக்கு?" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு எலக்ட்ரோலைட் பாடம் எடுத்து என்ன பயன்? கடையில் விற்கிற விலை உயர்ந்த பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் அவள் குடிக்கப் போவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை இருந்தால் குழாய்த் தண்ணீரைக்கூடக் குடிப்பாள். பெண்களின் தாகத்தைப் பற்றிப் பேசுகிற எந்த விளம்பரத்திலும் கழிப்பறை வருவதில்லை.

"அப்போ பிள்ளைங்க கெட்டுப் போகாதா?"

இப்படியும் கேட்பார்கள் என்று தெரியும். "நாங்கள்லாம் தண்ணி இல்லாமத்தான் ஆடினோம், மாநில அளவுக்குப் போகலையா?" போனீர்கள், சந்தோஷம். ஆனால் போகாமல் பாதியில் நின்றவர்கள் இங்கே வந்து பேசவில்லையே. மேலும் அது கஷ்டத்தைப் பழக்குகிற பயிற்சியும் இல்லை. வெயிலில் ஆடிப் பழகினால் உடம்பு வெயிலுக்குப் பழகும், இது உண்மை. தண்ணீர் இல்லாமல் ஆடிப் பழகினால் உடம்பு தண்ணீர் இல்லாமைக்குப் பழகாது. ஒட்டகத்தால் முடியும், நம்மால் முடியாது.

வயிறு பிடிக்கும் என்கிற பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரே மூச்சில் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடினால் வயிறு குலுங்கத்தான் செய்யும். அதற்குத் தீர்வு குடிக்காமல் இருப்பது இல்லை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடிப்பது. 2014 உலகக் கோப்பைக் கால்பந்திலேயே நெதர்லாந்து - மெக்சிகோ ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். உலகமே பார்க்கிற ஆட்டத்தை நிறுத்தலாம் என்றால் நம் கல்லூரி மாலைப் பயிற்சியை மூன்று நிமிடம் நிறுத்தினால் குடியா முழுகிவிடும்?

என்னைப் பொறுத்தவரை கேட்க வேண்டியவை நாலே நாலு. ஒவ்வொரு மைதானத்திலும் மூடி போட்ட குடிநீர் டிரம்மும் பக்கத்தில் உப்பும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துத் தண்ணீர் இடைவேளை, அது பயிற்சியாளரின் தயவாக இல்லாமல் விதியாக. எடைப் பிரிவுப் போட்டிகளில் நீர் வற்ற வைத்து எடை குறைப்பதற்குத் தடை. பெண்கள் பயன்படுத்துகிற மாதிரி ஒரு கழிப்பறை. இவற்றில் எதற்கும் பெரிய ஸ்பான்சர் வேண்டாம்.

ஒரு டாக்டர் விடாமல் கேட்டதில் மூன்று எழுத்துப் பெயர் ஒன்றைக் காப்பாற்ற முடிந்தது. நம் வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம். அடுத்த விளையாட்டு விழாக் கமிட்டி கூட்டத்தில் கோப்பை எத்தனை அங்குலம், டி-ஷர்ட் என்ன கலர் என்று பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து "தண்ணீர் எங்கே வைக்கப் போகிறீர்கள், பாத்ரூம் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். நான் கேட்கத்தான் போகிறேன். கூட நாலு பேர் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.